மூட் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பாதியில் காணாமல் போகிறார்கள். எங்கே தப்பு?

மூன்றாம்_பெஞ்சு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் எங்கள் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் மன்றத் தேர்தலில் போட்டிச் செயலாளர் பதவிக்கு வேறு யாரும் நிற்காததால் நான் ஜெயித்துவிட்டேன். பதவியோடு கையில் வந்தது ஒரு பழைய ஃபோல்டர், நாலு வருஷத்து வழக்குப் பிரச்சினைகள் (போட்டிக்கான கற்பனை வழக்குத் தாள்கள்), ஒரு மதிப்பெண் தாள், அவ்வளவுதான்.

மன்றம் என்று பேர், ஆனால் வருடத்துக்கு உருப்படியாக நடப்பது ஒன்றே ஒன்று: உள் மூட் போட்டி, அதாவது கற்பனை வழக்கை நீதிபதிகள் முன் வாதாடும் போட்டி. அதில் ஜெயிக்கிறவர்கள் வெளிப் போட்டிகளுக்குப் போவார்கள், மற்றவர்கள் அடுத்த வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். போன தடவை 22 அணிகள் பெயர் கொடுத்தன. மெமோரியல், அதாவது எழுத்து வாதம், கொடுத்தது 9 அணிகள். வாதத்துக்கு வந்தது 8, அதிலும் ஒன்றுக்கு எதிரணி வராமலே வெற்றி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் நானும் நின்றேன். பேச வேண்டியதை முழுசாக எழுதி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன், இரண்டாவது நிமிடத்திலேயே நீதிபதி நிறுத்தி, 'இதற்கு உங்கள் ஆதாரம் என்ன, எந்தத் தீர்ப்பு, எந்தப் பத்தி?' என்று கேட்டார். எனக்குத் தீர்ப்பு தெரியும். பக்கம்தான் கிடைக்கவில்லை. தாளைப் புரட்டுகிறேன், புரட்டுகிறேன், அந்த அறையில் வேறு சத்தமே இல்லை. கடைசியில் என் அணித் தோழி ஒரு துண்டுச் சீட்டில் பக்க எண்ணை எழுதித் தள்ளினாள், நான் அதையும் தலைகீழாகப் பிடித்துப் படித்து 61 என்பதை 19 என்று சொன்னேன். தோற்றது நியாயம்தான். ஆனால் எங்களுக்குத் திரும்பி வந்த மதிப்பெண் தாளில் எண்ணுக்குக் கீழே இருந்த ஒரே வாக்கியம், 'இன்னும் மேம்பட வேண்டும்'. எதில் என்று இன்றுவரை தெரியாது.

கேட்க வந்தது இதுதான். இப்படி ஆள் உதிர்வது எல்லா இடத்திலும் நடக்கிறதா, இல்லை எங்கள் போட்டி அமைப்பிலேயே கோளாறா? முதலாம் ஆண்டுக்கு மெமோரியல் வேண்டுமா? மூட் தவிர ஒரு மன்றம் வேறு என்ன நடத்தலாம்? ஏற்கெனவே நடத்தியவர்கள் சொல்லுங்கள். நிர்வாகக் குழுவில் மொத்தம் ஆறு பேர்தான் இருக்கிறோம், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

---

பழைய_மெமோரியல் எழுதியது:

படித்து முடித்து ஐந்து வருஷம் ஆகிறது. அதில் இரண்டு வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் உங்கள் எண்களையே பாருங்கள். 22 பேர் 9 ஆனது மெமோரியல் கட்டத்தில். பேசப் பயந்து ஓடியிருந்தால் 9 பேர் 4 ஆகியிருப்பார்கள், அது நடக்கவில்லை. ஆக, எழுதத் தெரியாமல் ஓடியிருக்கிறார்கள். அந்த ஃபோல்டரில் இருக்கும் பிரச்சினைகளைத் திறந்து பாருங்கள், பந்தயம் கட்டுகிறேன், நாலு வினாக்கள், இரண்டு கற்பனை நாடுகள், ஒரு ஒப்பந்தம், ஒரு கப்பல். சரியா? யாரோ ஒரு சீனியர் ஜெஸப் என்கிற சர்வதேச மூட் போட்டிக்குப் போய்விட்டு வந்து அதே அச்சில் வார்த்திருப்பார். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

ஜெஸப் என்பது 1960-ல் தொடங்கிய போட்டி, சர்வதேச நீதிமன்றத்தில் இரண்டு நாடுகள் வழக்காடுவது மாதிரியான அமைப்பு. பிரச்சினை செப்டம்பர் வாக்கில் வரும். ஒவ்வொரு அணியும் வழக்குத் தொடுக்கும் நாட்டுக்கு ஒன்று, எதிர் நாட்டுக்கு ஒன்று என இரண்டு மெமோரியல் எழுத வேண்டும். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதுகிற வேலை அது, வாதமே ஒரு தரப்புக்கு 45 நிமிடம். அதைச் சுருக்கி, மூன்று வாரத்தில், ஒப்பந்தச் சட்டத்தில் பாதி மட்டும் படித்த பிள்ளையிடம் கொடுத்தால் அவன் பெயரை வாபஸ் வாங்காமல் வேறு என்ன செய்வான்?

புதியவர்களுக்குத் தனிச் சுற்று வையுங்கள். ஒரே ஒரு சட்டக் கேள்வி. தீர்ப்புகளை நீங்களே பொறுக்கி ஒரு தொகுப்பாகக் கொடுத்துவிடுங்கள், ஐந்தாறு போதும், அதற்கு வெளியே யாரும் எதையும் மேற்கோள் காட்டக் கூடாது. மெமோரியலுக்குப் பதில் ஒரு பக்க வாதக் குறிப்பு. இந்த மூடிய தொகுப்பு ஏன் முக்கியம் என்றால், நூலகத்தில் யாருக்குத் தேடத் தெரியும், யாருக்குச் சீனியர் அண்ணன் அக்கா இருக்கிறார்கள் என்கிற வித்தியாசமெல்லாம் அதோடு அடிபட்டுப் போகும்.

எங்களுக்கு நன்றாக ஓடிய ஒன்றைச் சொல்கிறேன். டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன், 1932. ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை. பாட்டிலை வாங்கியது தோழி, குடித்தது வழக்குத் தொடுத்த டோனஹ்யூ என்ற அம்மா, அதனால் இவருக்கும் விற்றவருக்கும் ஒப்பந்தம் கிடையாது. அப்படியானால் தயாரித்தவர் இவருக்குப் பொறுப்பா? அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்த தீர்ப்பு. அங்கேதான் வசதி. பொறுப்பு உண்டு என்கிற பக்கத்துக்கு நீதிபதி அட்கின் பிரபுவின் தீர்ப்பு, மறு பக்கத்துக்கு பக்மாஸ்டர் பிரபுவின் மறுப்புத் தீர்ப்பு, இரண்டு அணிக்கும் தீனி அதே தொகுப்பில் இருக்கிறது. நாங்கள் பாட்டிலை எடுத்துவிட்டு, நண்பர் பரிசாகக் கொடுத்த சார்ஜர் வெடித்தது என்று மாற்றினோம், தயாரிப்பாளரின் பொறுப்பை வரையறுக்கும் தனிச் சட்டம் எதுவும் இந்தக் கற்பனை நாட்டில் இல்லை என்று ஒரு வரியும் சேர்த்தோம்.

இன்னொரு லாபம், மூட் என்றால் என்ன என்பதே இந்த ஒரு வழக்கில் புரிந்துவிடும். நத்தை நிஜமாகவே பாட்டிலில் இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிவு சொல்லவில்லை. இருந்ததாக வைத்துக்கொண்டால் சட்டப்படி வழக்கு நிற்குமா என்பது மட்டும்தான் மேலே போனது, பிறகு சமரசமாக முடிந்துவிட்டது. மூட்டும் அதேதான்: உண்மைகள் தாளில் இருப்பவை, அவற்றோடு சண்டை போடக் கூடாது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் 'என் கட்சிக்காரர் அப்படிச் செய்யவே இல்லை, மை லார்ட்' என்று ஆரம்பிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

---

டைம்_கீப்பர் எழுதியது:

நான் ஒரு தடவைகூட மூட்டில் பேசியதில்லை. மூன்று வருஷமும் அறையின் ஓரத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தவள். பேசுகிறவர் ஒரு அறையைத்தான் பார்ப்பார், நான் எல்லா அறையையும் பார்த்திருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்: உங்கள் ஆட்களை விரட்டுவது பிரச்சினைத் தாள் மட்டும் இல்லை, நீதிபதி நாற்காலியும்தான்.

ஒரு சுற்று இப்போதும் கண்முன் நிற்கிறது. நீதிபதியாக வந்தவர் நல்ல அனுபவசாலி, ஆனால் பிரச்சினையைப் படிக்காமல் வந்திருந்தார். பிரச்சினையில் இல்லாத ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் 15 நிமிடத்தில் 11 நிமிடத்தை அவரே பேசித் தீர்த்தார். நான் 'இரண்டு நிமிடம்' அட்டையைத் தூக்கியபோது அவள் இன்னும் முதல் வாதத்தையே சொல்லவில்லை. என் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாளை மூடிவிட்டாள். அட்டையைத் தூக்கினது நான்தானே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் நாங்கள் சில ஏற்பாடுகள் செய்தோம்.

நீதிபதிகளுக்கு பெஞ்ச் மெமோ என்று இரண்டு பக்கம், இரண்டு தரப்பின் நல்ல வாதங்கள், பலவீனங்கள், கேட்கக்கூடிய கேள்விகள் எல்லாம் அதில் இருக்கும். சுற்றுக்குப் பத்து நிமிடம் முன்னால் எல்லா நீதிபதிகளையும் ஒரு அறையில் உட்கார வைத்து அதைச் சத்தமாகப் படித்தோம். அனுப்பி வைத்தால் படிக்க மாட்டார்கள், நம்பாதீர்கள்.

பெரிய ஆட்களைத்தான் நீதிபதியாகக் கூப்பிட வேண்டும் என்கிற ஆசையையும் விட்டோம். புதியவர் சுற்றுக்கு, போன வருஷம் வாதாடின மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போதும், அவர்கள்தான் பிரச்சினையை வரி வரியாகப் படித்துவிட்டு வருவார்கள். ஒருவர் மட்டும் உட்காராமல் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவரின் கிறுக்குத்தனம் மற்ற இருவரின் எண்ணில் கொஞ்சம் கரைந்துபோகும்.

மதிப்பெண்ணில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு அறையில் 'நன்று' என்றால் 85, பக்கத்து அறையில் அதே 'நன்று' 65. முந்தைய வருஷத்து வாதம் ஒன்றின் பதிவை எல்லா நீதிபதிகளுக்கும் போட்டுக் காட்டி, எண் போடச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்த்தோம். முதல் தடவை ஒரே பேச்சுக்கு 58-ம் வந்தது, 90-ம் வந்தது. அவர்களே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எண்கள் தானாக நெருங்கி வந்தன.

எல்லாவற்றையும் விட, மதிப்பெண் தாளை மடித்து என்னிடம் கொடுத்த பிறகு, முடிவு அறிவிக்கும் முன், ஒவ்வொரு பேச்சாளருக்கும் மூன்று நிமிடம் நேருக்கு நேர் கருத்து சொல்ல வேண்டும். முடிவு சொன்ன பிறகு சொன்னால் தோற்றவர் காதில் எதுவும் ஏறாது, ஜெயித்தவருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 'மேம்பட வேண்டும்' என்று எழுதவே கூடாது. 'கேள்வி வந்ததும் பதில் சொல்லாமல் முதலில் பின்னணியை விளக்கினாய், ஆம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு விளக்கு', இந்த மாதிரி ஒன்றே ஒன்று போதும்.

---

கிளையண்ட்_நாற்காலி எழுதியது:

மூட் தவிர என்ன என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் வருகிறேன்.

கட்சிக்காரர் நேர்காணல் போட்டி. ஆறு பேர் குழுவுக்கு இதைவிட லேசானது கிடையாது. மெமோரியல் இல்லை, தொகுப்பு இல்லை. ஒரு அறை, ஒரு மேஜை, கட்சிக்காரராக நடிக்க ஒரு ஆள். இரண்டு பேர் கொண்ட அணிக்கு முன்கூட்டியே தருவது ஒரு வரிதான்: 'வாடகை வீடு தொடர்பாக ஒருவர் பார்க்க வருகிறார்.' மற்றதெல்லாம் அவர்கள் வாயைக் கிளறித்தான் வாங்க வேண்டும்.

இரண்டு தடவை கட்சிக்காரராக நடித்திருக்கிறேன், என் பெயரே அதில் வந்ததுதான். எனக்குக் கொடுத்த குறிப்பில், முன்பணம் திரும்ப வரவில்லை என்று நீட்டி முழக்கிப் புகார் சொல்ல வேண்டும். ஆனால் நிஜப் பயம், வீட்டுக்காரர் மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு நான் இல்லாதபோது உள்ளே வருகிறார் என்பது. 'வேறு ஏதாவது உங்களை உறுத்துகிறதா' என்பது போலத் திறந்த கேள்வி வந்தால் மட்டும் சொல்ல வேண்டும். முதல் அணி, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்கள், ஒப்பந்தத் தேதி, தொகை, ரசீது என்று வரிசையாகக் கேட்டார்கள், நானும் ஆமாம், இல்லை, ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அழகாக முன்பணத்துக்கு ஆலோசனை சொல்லி அனுப்பி வைத்தார்கள். சாவி விஷயம் என்னிடமே தங்கிவிட்டது. அடுத்த அணியில் ஒரு பையன், வகுப்பில் அவன் குரலையே நான் கேட்டதில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'இதனால ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு?' என்றான். நடிக்கிறோம் என்பதே எனக்கு ஒரு நிமிடம் மறந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கட்சிக்காரர் வெளியே போன பிறகு இரண்டு பேரும் நீதிபதிகள் முன்னாலேயே தங்களுக்குள் பேச வேண்டும்: என்ன கிடைத்தது, எதை விட்டோம், அடுத்து எதைத் தேடிப் பார்க்க வேண்டும். சாவி விஷயத்தைத் தவறவிட்ட அணி அங்கே அதை உணர்ந்து சொல்லியிருந்தால்கூட மதிப்பெண் கிடைத்திருக்கும்.

பேச்சுவார்த்தைப் போட்டியும் இதே அளவு வேலைதான். பொதுத் தகவல் தாள் இரண்டு அணிக்கும் ஒன்று, ரகசியத் தாள் ஆளுக்கொன்று. அதிகத் தொகை பிடுங்கினவன் வெற்றி என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், வைத்தால் கத்துகிறவன் ஜெயிப்பான்.

சாட்சிகளை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் மாதிரி விசாரணையும் இருக்கிறது. நன்றாக இருக்கும், ஆனால் சாட்சிகளைத் தயார் செய்வதற்கே ஒரு படை வேண்டும், இரண்டாவது வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

எல்லோரும் போட்டியைக் கூட்டச் சொல்கிறீர்கள், நான் குறைக்கச் சொல்வேன். எங்கள் மன்றத்தில் ஒரு வருஷம் எட்டுப் போட்டி நடந்தது. நிர்வாகக் குழு முழு வருஷமும் போஸ்டர் போட்டு, சான்றிதழ் அச்சடித்து, கேடயம் தேடி அலைந்தது. எட்டிலும் ஜெயித்தது அதே ஏழெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் குழு உறுப்பினர்கள், பிரச்சினைத் தாள் இருந்த ஃபோல்டர் அவர்கள் கையிலும் இருந்தது. திருடினார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் தோற்றவர்களிடம் அதை எப்படி நிரூபிப்பீர்கள்? குழுவில் இருப்பவர் போட்டியிடக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் எழுதினால் யாரையோ குறிவைத்து எழுதியதாக ஆகிவிடும்.

எனக்குப் பிடித்த மாலை ஒன்று உண்டு, அதில் மதிப்பெண்ணே கிடையாது. டட்லி, ஸ்டீபன்ஸ் வழக்கு, 1884. மிக்னொனெட் என்ற படகு மூழ்கி, நாலு பேர் சின்ன ஓடத்தில் நடுக்கடலில் கிடக்கிறார்கள். வாரக்கணக்கில். கடல் தண்ணீரைக் குடித்துச் சோர்ந்து கிடந்த 17 வயதுப் பையனை டட்லி கொல்கிறார், ஸ்டீபன்ஸும் சம்மதிக்கிறார், மூவரும் தின்கிறார்கள், நாலு நாளில் ஒரு கப்பல் வந்து காப்பாற்றுகிறது. உயிர் பிழைக்க வேறு வழியில்லை என்பது கொலைக்குப் பதிலாகுமா? ஆகாது என்றது நீதிமன்றம். மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. மூன்றாவது ஆள் மேல் இருந்த வழக்கைக் கைவிட்டார்கள், அவர் சாட்சி சொன்னார்.

நாங்கள் செய்தது இதுதான்: வருகிறவர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, முடிவைச் சொல்லாமல் உண்மைகளை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கத் தீர்ப்பு எழுத வேண்டும், ஒத்துப்போகாதவர் தனியாக மறுப்பு எழுதலாம். வாயே திறக்காத ஒரு பிள்ளை எழுதிய மறுப்புத் தீர்ப்பை வாசித்தபோது சத்தம் அடங்கிவிட்டது. 'சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால் என் முடிவு மாறியிருக்குமா என்று யோசித்தேன், மாறியிருக்கும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது' என்று முடித்திருந்தாள். அவளை மூட்டில் பேச வைக்க முடியாது. மெமோரியல் எழுத வைக்கலாம், வைத்தோம்.

---

மூன்றாம்_பெஞ்சு எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. இப்படி வைத்திருக்கிறேன்: முதல் பருவத்தில் தீர்ப்பு எழுதும் மாலை ஒன்று, கட்சிக்காரர் நேர்காணல் ஒன்று. இரண்டாம் பருவத்தில் புதியவர் மூட், ஒரு பக்கக் குறிப்போடு. பழைய பெரிய மூட் இரண்டாம் ஆண்டுக்கு மேல் மட்டும். குழு உறுப்பினர் விதி போட்டாயிற்று, ஒருவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார், ஆக இப்போது ஐந்து பேர்.

ஒரு சந்தேகம். ஒரு பக்கக் குறிப்பை இரண்டு அணியும் ஒரே நாளில் கொடுக்க வேண்டுமா? அப்புறம் சுற்றுகளுக்குப் பார்வையாளர்களை விடலாமா? முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, 'நான் கலந்துக்கல, ஓரமா உட்கார்ந்து பாக்கட்டுமா?' என்று கேட்டாள்.

---

பழைய_மெமோரியல் எழுதியது:

ஒரே நாளில் வேண்டாம். வியன்னாவில் நடக்கும் விஸ் மூட் இதில் நல்ல முன்மாதிரி, அது நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர்களிடம் தீர்க்கும் சர்வதேச வணிக வழக்குகளுக்கான போட்டி, சரக்கு விற்பனை பற்றிய 1980 ஐ.நா. உடன்படிக்கையை அடிப்படையாக வைத்தது. அங்கே முதலில் எல்லோரும் கோருபவர் தரப்பில் எழுதிக் கொடுப்பார்கள், பிறகு வேறொரு அணி நிஜமாக எழுதியதை உங்கள் கையில் கொடுத்து, அதற்கு எதிர்த்தரப்புப் பதிலை எழுதச் சொல்வார்கள். நீங்களும் மேல்முறையீடு செய்பவரின் குறிப்பை முதலில் வாங்குங்கள், நாலு நாள் கழித்து எதிரணியின் பதில். அப்போதுதான் வானத்தைப் பார்த்து வாதாடாமல் எதிரில் இருப்பவர் சொன்னதற்குப் பதில் எழுதுவார்கள்.

அணி எண் மட்டும் போடச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். அப்புறம், வாதம் எந்த நீதிமன்றத்தின் முன், அல்லது நடுவர்கள் முன், என்பதைப் பிரச்சினையிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். ஜெஸப்பில் நீதிபதியை 'யுவர் எக்ஸலென்சி' என்பார்கள், நடுவர்கள் முன்னால் போய் 'மை லார்ட்' என்றால் சிரிப்பார்கள், புதியவர்கள் இதில்தான் அநியாயத்துக்குப் பதறுகிறார்கள்.

---

டைம்_கீப்பர் எழுதியது:

பார்வையாளர்களைத் தாராளமாக விடுங்கள். போட்டியில் இன்னும் இருக்கும் அணிகளும் அவர்களின் நண்பர்களும் மட்டும் மற்ற அணிகளின் சுற்றில் உட்காரக் கூடாது, அடுத்த சுற்றில் எதிரணியின் வாதம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணை ஓரமாக உட்கார வைக்காதீர்கள். கடிகாரத்தைக் கையில் கொடுங்கள். ஐந்து, இரண்டு, ஒன்று, 'முடிந்தது' என்று நாலு அட்டை, எழுத்து பெரிதாக இருக்கட்டும், கடைசி அட்டை மட்டும் சிவப்பு. நீதிபதி கேள்வி கேட்கும் நேரமும் பேச்சாளர் கணக்கில்தான் ஓடும், நிறுத்தச் சொல்லி யாராவது கண் காட்டினாலும் அவளாக நிறுத்தக் கூடாது, நீதிபதி வாயால் சொல்ல வேண்டும். இதை மட்டும் முன்னாலேயே சொல்லி வையுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை.